தவளை வண்டியும் கூண்டு வண்டியும்

திருச்சி பாலக்கரை பரக்கத் அலி வீட்டில் நாலு நாளாகப் பேச்சில்லை. புருஷன் பெண்சாதிக்குள் பேச்சில்லை என்றால் மற்ற வீடுகளில் பாத்திரமாவது சத்தம் போடும். ஹாஜிரா அண்டாவைக்கூடப் பஞ்சு மூட்டை மாதிரி இறக்கி வைத்தாள். அந்த வீட்டுப் பல்லியும் நாலு நாள் வாய் திறக்கவில்லை. எதிர்வீட்டுக்காரன் என்ற முறையில் இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும்.

சித்திரை பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மாடியில் காயப்போட்ட கைலி காய்ந்ததோடு நிற்காமல் இஸ்திரியும் ஆகிக் கீழே வந்துகொண்டிருந்த நாட்கள். வெயிலைப் பற்றி ஊரில் இரண்டு பேர் சேர்ந்தால் பேசாமல் இருக்க மாட்டார்கள். அந்த வீட்டில் அதையும் பேசவில்லை.

சண்டை ஒரு வண்டியைப் பற்றி. துறையூருக்கு அப்பால் பச்சமலை அடிவாரத்தில் இருநூறு ஏக்கர் தைலமரத் தோப்பு இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையைப் பரக்கத் அலியும் ஸ்ரீரங்கத்துச் சேஷுவும் கூட்டாக எடுத்திருந்தார்கள். கன்று நடுவது, சருகு ஒதுக்குவது, வெட்டிய கட்டையைச் சரிவிலிருந்து கீழே சேர்ப்பது, கோடையில் தீ வராமல் சுற்றிச் சுற்றிக் காவல் பார்ப்பது எல்லாம் அவர்கள் பாடு. அந்தச் சரிவில் ஆடு மேய்க்கிறவர்கள் ஆட்டைக் கட்டிப்போடுவதில்லை, உருண்டுவிடும் என்று புல்லைத்தான் கட்டிப்போடுகிறார்கள். போன கோடையில் தீ பதினோரு ஏக்கரைத் தின்றது. ஆட்கள் குடத்தில் தண்ணீர் சுமந்து மேலே போய்ச் சேர்ந்தபோது தீ தானாகவே அணைந்திருந்தது, அவர்கள் குடிக்கத்தான் அந்தத் தண்ணீர் உதவியது.

அதனால் தோப்பின் முதலாளி, வண்டி ஒன்று வாங்கித் தருகிறேன், எந்த வண்டி என்று சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் எழுதிக் கொடுங்கள் என்றுவிட்டார். ஓட்டிப் பார்ப்பதற்கு இரண்டு வண்டிகள் தோப்புக்கு வந்து இறங்கின. ஒன்று நாலு சக்கர பைக். குதிரை மேல் உட்காருகிற மாதிரி இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார வேண்டும். கொழுத்த டயர், முன்னும் பின்னும் இரும்புச் சட்டம். இன்னொன்று சின்ன ஜீப் மாதிரி. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சீட்டு, சீட் பெல்ட், தலைக்கு மேலே இரும்புக் குழாய்க் கூண்டு, பின்னால் தொட்டி. தோப்பில் ஆட்களை மேய்க்கும் யமுனா இரண்டையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பெயர் வைத்துவிட்டாள். முதலாவது தவளை. இரண்டாவது கூண்டு.

பரக்கத் அலி தவளைக் கட்சி. துபாய்ப் பாலைவனத்தில் சுற்றுலாக்காரர்களுக்கு இந்தத் தவளைகளை விடும் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் இருந்தவர். அவர் மணல்மேட்டில் ஏறி வருவதைப் பார்த்து ஒட்டகம் ஓரமாக ஒதுங்கி ஹார்ன் அடித்ததாக அவர் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். ஒட்டகத்துக்கு ஏது ஹார்ன் என்று கேட்கிறவர்களை அவர் மதிப்பதில்லை.

ஹாஜிரா கூண்டுக் கட்சி. வண்டியின் படத்தை போனில் ஒரு தடவை பார்த்தாள். "இதுல உக்காந்தா விழுவாங்க" என்று சொன்னாள். "உனக்கு என்ன தெரியும்" என்றார் அவர். அதோடு பேச்சு நின்றது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேஷு வந்தார். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். நெற்றியில் திருமண், கையில் நோட்டு. நன்னாரி சர்பத்தை வாங்கிக் குடித்துவிட்டு நோட்டைப் பிரித்தார்.

"பாய், ரெண்டு வண்டியையும் அலசி எழுதிண்டு வந்திருக்கேன். தவளை, ஒரு ஆள். அகலம் நாலடி. ஒத்தையடிப் பாதையில போகும். கூண்டு, ரெண்டு ஆள். அகலம் அஞ்சடிக்கு மேல. பின்னாடி முந்நூறு லிட்டர் தண்ணி ஏத்தலாம், கன்னு ஏத்தலாம், ரம்பம் ஏத்தலாம்."

"எழுதினா வண்டி மலையேறிடுமா சேஷு சார்? உச்சிக்குப் போற மேல் பாதை நாலரை அடி. தீ புடிச்சா உங்க கூண்டு கீழ நின்னு வேடிக்கை பாக்கும். தவளை அஞ்சு நிமிஷத்துல உச்சியில நிக்கும்."

"நின்னு? ஒத்தை ஆள் எவ்வளவு தண்ணி கொண்டுபோவான்? கோயில்ல தீர்த்தம் குடுப்பாளே, அவ்வளவு."

"முதல்ல ஆளு போய்ப் பாக்கணும். எங்கேருந்து வருது, காத்து எந்தப் பக்கம் அடிக்குது, அதைப் பாத்துச் சொன்னாத்தானே மத்தவன் வருவான்?"

சமையல்கட்டிலிருந்து ஹாஜிராவின் குரல் வந்தது. "சேஷு அண்ணே, அது கவுந்தா என்ன ஆகும்னு அவுங்களைக் கேளுங்க."

சேஷு மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். "கவுந்தா என்ன ஆகும்னு கேக்கறா."

"கவுறாதுன்னு சொல்லுங்க."

"கவுறாதுங்கறார்."

"கேட்டுச்சு. அப்ப அந்தக் கூண்டை எதுக்கு வச்சிருக்கான்னு கேளுங்க."

"கோழிக்குன்னு சொல்லுங்க," என்றார் பரக்கத் அலி. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "தவளைங்கறது நம்ம ஸ்கூட்டி மாதிரிதான் சார். ரெண்டு சக்கரம் கூட இருக்கு, அவ்வளவுதான். பச்சப்புள்ள ஓட்டும். பத்தொம்பது வருஷம் ஓட்டினவன் சொல்றேன், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்ல."

சமையல்கட்டில் அடுப்பு அணைந்தது. பிறகு, "ஸ்கூட்டி மாதிரிதானாமா?"

"அப்படித்தான் சொல்றார்."

"அப்ப நாளைக்கு நானும் வர்றேன்னு சொல்லுங்க."

இதைச் சேஷு எடுத்துச் சொல்லவில்லை. வாயைத் திறந்தவர் அப்படியே வைத்திருந்தார். தேவைப்படவும் இல்லை. பரக்கத் அலிக்குக் கேட்டுவிட்டது என்பது அவர் சர்பத் டம்ளரை வைத்த விதத்திலேயே தெரிந்தது.

மறுநாள் விடிந்ததும் கார் கிளம்பியது. எனக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. ஹாஜிரா நெய்ச்சோறும் பருப்புத் தால்ச்சாவும் கட்டியிருந்ததால், தூக்கைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று ஏறிக்கொண்டேன். ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் சேஷு ஒரு பொட்டலம் புளியோதரையோடு நின்றார். மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலைகளிலிருந்து நெல் அவிக்கும் வாசனை கார் கண்ணாடியை மூடியும் உள்ளே வந்தது. முன்சீட்டில் ஓட்டிக்கொண்டு பரக்கத் அலி, பின்சீட்டில் ஹாஜிரா. கண்ணாடியில்கூட ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

தோப்பில் யமுனா தயாராக இருந்தாள். நாற்பது வயது இருக்கும். புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, இடுப்பில் அரிவாள். கூடவே ரம்பம் ஓட்டும் மதுரைவீரன். தைல இலை காற்றில் உரசுகிற சத்தம் தூரத்தில் மழை பெய்கிற மாதிரியே இருக்கும். மழையை நம்பி அண்ணாந்து பார்த்தால் கண்ணில் தூசிதான் விழும்.

"வாங்க பாயம்மா," என்றாள் யமுனா. "நீங்களும் ஓட்டப் போறீங்களா?"

"நான் உக்கார வந்திருக்கேன்," என்றாள் ஹாஜிரா.

முதலில் கூண்டு போனது. யமுனா ஓட்ட, மதுரைவீரன் பக்கத்தில் உட்கார்ந்தான். தொட்டியில் முந்நூறு லிட்டர் தண்ணீர். மரவரிசைகளுக்கு நடுவே சிரமமில்லாமல் ஏறி, மேல் பாதையில் இரண்டு பாறைகளுக்கு நடுவே போய் நின்றுவிட்டது. இந்தப் பக்கம் நாலு விரல், அந்தப் பக்கம் நாலு விரல் இடித்தது. பின்னாலேயே இறக்கிக்கொண்டு வந்தார்கள்.

"பாத்தீங்களா," என்றார் பரக்கத் அலி. நாலு நாளில் முதல்தடவையாக அவர் முகத்தில் பல் தெரிந்தது. "இப்ப பாருங்க."

தவளையை ஒரு பாறை ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். பாறை மேல் ஏறி நின்று, அங்கேயிருந்து சீட்டுக்குச் சறுக்கி இறங்கினார். மற்றவர்கள் வண்டியைப் பார்த்தார்கள். ஹாஜிரா பாறையைப் பார்த்தாள். தரையிலிருந்து காலைத் தூக்கிப் போட்டு ஏறாமல் இந்த மனுஷன் எதற்குப் பாறையைத் தேடினார்?

அவள் போய் அவருக்குப் பின்னால், இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார்ந்தாள். பாலக்கரையிலிருந்து காந்தி மார்க்கெட்டுக்குப் போகிற மாதிரி, பர்தாவை இழுத்து விட்டுக்கொண்டு, இரண்டு காலையும் இடது பக்கமாகத் தொங்கவிட்டு.

"என்ன பண்ற?" என்றார் பரக்கத் அலி. நேராக அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"வர்றேன்."

"இதுல ரெண்டு பேர் உக்காரக் கூடாது."

"ஏன்? ஸ்கூட்டின்னீங்க. பச்சப்புள்ள ஓட்டும்னீங்க. ஸ்கூட்டியில நான் இப்படித்தான் வருவேன். முப்பது வருஷமா வர்றேன்."

சேஷு குனிந்து டயருக்கு மேலே ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார். "அம்மா, இதுல ரெண்டாவது ஆள் மேல குறுக்கே கோடு போட்டிருக்கான்."

ஹாஜிராவும் குனிந்து பார்த்தாள். "இந்த ஆளு ரெண்டு பக்கமும் கால் போட்டிருக்கான் அண்ணே. நான் ஒரு பக்கமாத்தானே உக்காந்திருக்கேன். இது எனக்குப் போட்ட படம் இல்ல."

சேஷு நோட்டை மூடினார்.

"இறங்கு ஹாஜிரா."

"இது கவுறும்னு சொல்லுங்க. இறங்கிடறேன்."

பரக்கத் அலி ஹாண்டில்பாரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் எல்லோரும் பத்து மணிக்கே நெய்ச்சோறு சாப்பிட்டிருப்போம். சுற்றிலும் யமுனாவும் மதுரைவீரனும் இன்னும் எட்டு ஆட்களும் நின்றார்கள். அவர் வண்டியைக் கிளப்பினார்.

முதல் இருநூறு அடி நேர் ஏற்றம். ஒன்றும் ஆகவில்லை. பிறகு பாதை திரும்பிச் சரிவின் குறுக்கே போகிறது. வலது பக்கம் மேடு, இடது பக்கம் பள்ளம். ஹாஜிராவின் கால் இரண்டும் பள்ளத்துப் பக்கம். பள்ளத்தில் நாற்பதடிக்குக் கீழே காய்ந்த ஓடை, அதில் அம்மியும் ஆட்டுக்கல்லுமாகப் பாறை. நாங்கள் நாலைந்து பேர் வேகமாகப் பின்னால் நடந்தோம். யமுனா மட்டும் ஓடினாள்.

"பாய், நிறுத்துங்க! மேல் சக்கரம் தூக்குது!"

பன்றி தோண்டிய குழி ஒன்றில் இடது முன்சக்கரம் இறங்கியது. வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்ந்து, வெட்டிய மரத்தின் அடிக்கட்டை ஒன்றில் முட்டி நின்றுவிட்டது. என்ஜின் அணைந்தது. வலது பக்கச் சக்கரம் இரண்டும் தரையிலிருந்து ஒரு சாண் மேலே நின்றன. ஹாஜிராவின் செருப்பு ஒன்று கழன்று கீழே போயிற்று. அது போய்ச் சேர்ந்த சத்தம் வருகிறவரைக்கும் யாரும் மூச்சு விடவில்லை.

ஸ்கூட்டி சாய்ந்தால் ஒருபக்கமாக உட்கார்ந்தவர்கள் நழுவி இறங்கிக்கொள்வார்கள். ஹாஜிராவும் பழக்கத்தில் காலை நீட்டினாள்.

"இறங்காதீங்க பாயம்மா!" யமுனா கத்தினாள். "இறங்கினா வண்டியும் பாயும் உங்க மேலதான் வருவாங்க. அவரை இறுக்கிக் கட்டிக்குங்க. பாய், நீங்க மேட்டுப் பக்கம் சாயுங்க. முழு உடம்பையும் போட்டுச் சாயுங்க!"

பரக்கத் அலி சாயவில்லை. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டு நேராகவே உட்கார்ந்திருந்தார்.

"சாயுங்க," என்றாள் ஹாஜிரா அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு.

"நீ சாயி. என் தோளு மேல ஏறி வலது பக்கமா சாயி."

"நான் சாஞ்சுட்டேன். நீங்க ஏன் சாயல?"

"என்னால முடியாது."

"ஏன்?"

யமுனா அதற்குள் கீழே பறந்திருந்தாள். மதுரைவீரனைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, கூண்டு வண்டியை முன்பு ஏறிய மரவரிசை வழியாகவே மேலே கொண்டுபோவது எங்களுக்குச் சத்தத்தில் தெரிந்தது. சேஷு ஒரு கண்ணை மூடிக்கொண்டு "ரங்கநாதா, ரங்கநாதா" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கண்ணால் வாட்சைப் பார்த்தார். ஏழு நிமிஷம் என்பது அவர் கணக்கு. என் கைநகம் அந்த நேரத்தில் கால் அங்குலம் வளர்ந்தது. தூக்கை நான் கீழே வைக்கவில்லை.

"ஏன்னு கேட்டேன்," என்றாள் ஹாஜிரா.

"வலது இடுப்பு. அந்தப் பக்கம் எடை போட்டா விட்டுடும்."

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததுன்னீங்க. ப்ளேட்டு வச்சிருக்கு, சரியாப் போச்சுன்னீங்க."

"பாத்ரூம் இல்ல."

கட்டை ஒரு தடவை முனகியது. வண்டி விரற்கடை நகர்ந்தது. கீழே நின்ற ஆட்களில் ஒருத்தி "அய்யோ" என்று ஆரம்பித்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இந்த வண்டிதான்," என்றார் பரக்கத் அலி. மெதுவாக, அசையாமல், உதட்டால் மட்டும் பேசினார். "இதே சாதி வண்டி. மணல்மேட்டுல குறுக்கே போனேன். என் மேல படுத்துடுச்சு. கூட யாரும் இல்ல. மூணு மணி நேரம் அப்படியே கெடந்தேன்."

"மூணு மணி நேரம்."

"கவுறும், ஹாஜிரா. இது கவுறும்."

"இப்ப சொல்றீங்க," என்றாள் அவள்.

மேலேயிருந்து கயிறு வந்து விழுந்தது. அந்த இரண்டு பாறைகளுக்கு இந்தப் பக்கம், எங்களுக்கு நேர் மேலே, கூண்டு வண்டி நின்றது. அதன் முன்கொக்கியில் ஒரு முனை, மறுமுனையோடு மதுரைவீரன் சறுக்கிக்கொண்டு இறங்கி, தவளையின் இரும்புச் சட்டத்தில் கட்டினான். யமுனா மேலே வண்டியை அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்தாள். கயிறு விறைத்தது. அப்போது சேஷு ஒரு காரியம் செய்தார். பிறந்ததிலிருந்து ஸ்ரீரங்கத்தில் தேர்ச்சக்கரத்துக்குக் கட்டை போடுவதைப் பார்த்தவர். பக்கத்தில் கிடந்த தைலக்கட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு நேரே பள்ளத்துப் பக்கம் போய், சக்கரத்துக்கு அடியில் அணைத்து ஓர் உதை உதைத்துவிட்டு, வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். அறுபத்தாறு வயதில் அவர் அவ்வளவு வேகமாக ஓடி யாரும் பார்த்ததில்லை. அவரே பார்க்கவில்லை, கண்ணை மூடியிருந்தார்.

தூக்கிய சக்கரங்கள் தரையில் உட்கார்ந்தன. ஹாஜிரா காலை மேட்டுப் பக்கம் திருப்பி இறங்கி, இறங்கிய இடத்திலேயே உட்கார்ந்தாள். பரக்கத் அலியால் இறங்க முடியவில்லை. பக்கத்தில் பாறை இல்லை. மதுரைவீரன் அவரை இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி இறக்கினான். பாலைவனத்தில் ஒட்டகத்தை ஒதுங்க வைத்தவரை அப்படித் தூக்கியதை எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

யாரும் பசி என்று சொல்லவில்லை என்றாலும் கீழே வந்து தூக்கைத் திறந்தோம். சேஷு தன் புளியோதரையைப் பிரித்துவைத்துக்கொண்டு நோட்டை எடுத்தார்.

"பாய், சாயங்காலத்துக்குள்ள எழுதிக் குடுக்கணும். என்ன எழுதட்டும்?"

பரக்கத் அலி யமுனாவைப் பார்த்தார். "தினம் ஓட்டப்போறது நீ. நீ சொல்லு."

யமுனா நெய்ச்சோற்றுக் கையை உதறிவிட்டுச் சொன்னாள். "எனக்குக் கூண்டுதான் பாய். தவளை விருட்டுனு போகுது, இல்லேங்கல. ஆனா அதுல ஒத்தையாத்தான் போகணும். ஒத்தையா போறவ உச்சியில விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்? அங்க டவரும் கெடையாது. கூண்டுல பக்கத்துல ஒரு ஆளு இருக்கும். ஒண்ணு ஆச்சுன்னா ஒரு சத்தமாச்சும் குடுக்கும்."

"மேல் பாதை நாலரை அடிதானேம்மா?" என்றார் சேஷு.

"அந்த ரெண்டு பாறையை நகட்டணும். கடப்பாரை இருக்கு, ஆளு இருக்கு. பத்து நாளு."

"எட்டு நாளு," என்றான் மதுரைவீரன், வாயில் சோற்றோடு.

"கூண்டுன்னே எழுதுங்க சேஷு சார்," என்றார் பரக்கத் அலி. "ஓட்டறவங்க பேரு யமுனான்னு போடுங்க. என் பேரு வேணாம்."

ஹாஜிரா அவர் தட்டில் இன்னொரு கரண்டி தால்ச்சா ஊற்றினாள்.

திரும்பும்போது சேஷு காரை ஓட்டினார். நான் அவர் பக்கத்தில். புருஷனும் பெண்சாதியும் பின்சீட்டில், ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். துறையூர் போயிற்று. மண்ணச்சநல்லூர் போயிற்று.

"அது எப்ப?" என்றாள் ஹாஜிரா.

"எது?"

"வண்டி உங்க மேல படுத்தது."

"நம்ம ஆஃப்ரினைப் பொண்ணு பாத்துட்டுப் போனாங்கல்ல. அதுக்கு மறுநாள்."

"மத்தியானம்."

"அங்க பதினொண்ணு. இங்க பன்னெண்டரை இருக்கும்."

கார் டோல்கேட்டைத் தாண்டியது.

"அன்னைக்கு நீங்க போன் பண்ணீங்க."

"ம்."

"இன்னைக்கு என்ன ஆனம்னு கேட்டீங்க." ஆனம் என்றால் அவர்கள் வீட்டில் குழம்பு.

"கம்பெனிக்குச் சொல்லியாச்சு. ஆளுங்க வந்து சேரணும்ல. அதுவரைக்கும் சும்மா கெடக்கணுமேன்னு..."

"வண்டிக்கு அடியில கெடந்துக்கிட்டா கேட்டீங்க?"

"பேச்சுச் சத்தம் காதுல விழுந்தா வலி அவ்வளவா தெரியல."

"ரெண்டு தடவை கேட்டீங்க. பால் பொங்குதுன்னு நான் வச்சுட்டேன்."

"பொங்கினா நீ என்ன பண்ணுவ."

கொள்ளிடம் பாலம் வந்தது. ஆற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, மணல் கண்ணைக் கூச வைத்தது. அவள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"பால் ஒண்ணும் பொங்கல, ஆஃப்ரின் அத்தா."

மகளின் அப்பா என்று அவள் கூப்பிட்டதும் அவர் திரும்பிப் பார்த்தார்.

"மீன் ஆனத்துல உப்பை அள்ளிப் போட்டுட்டேன். வாயில வைக்க முடியல. சொன்னா வருஷம் பூரா சொல்லிக் காட்டுவீங்கன்னு போனை வச்சுட்டேன்."

சேஷு மீன் என்ற சொல்லுக்கே மூக்கைச் சுளிக்கிறவர். அன்றைக்குக் காரை இருபதில் ஓட்டினார். பின்னால் ஒரு மணல் லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது. அவர் காதில் வாங்கவில்லை.

"என்ன மீனு?" என்றார் பரக்கத் அலி.

"விரால்."

"மாங்கா போட்டியா?"

"போட்டேன். அதுவும் புளிப்பு."

"அப்பறம் அந்த ஆனத்தை என்ன பண்ணுன?"

"என்ன பண்றது? ஆஃப்ரின் காலேஜுக்குப் போயிட்டா. நான் ஒருத்தியே உக்காந்து தின்னேன்."